பால் பவுடர் டின் ரிவ்யூ: உள்ள இருக்கறதுக்கு மூணு ஸ்டார், வெளிய எழுதியிருக்கறதுக்கு நாலு

எந்த பிராண்டுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கான பால் பவுடர இந்தியால விளம்பரம் பண்றது சட்டப்படி தப்பு, நான் பேர் போட்டு ஆஹா ஓஹோன்னு எழுதினா அதுக்கும் விளம்பரத்துக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. மெடிக்கல் ஷாப்ல கண்ணாடி ஷெல்ஃப்ல வரிசையா நிக்குமே, ஸ்டேஜ் 1, ஆறு மாசம் வரைக்கும், 400 கிராம், அதுல ஒண்ணு. என் பையன் குறைமாசத்துல பொறந்தான், எடை கம்மி, இழுத்து குடிக்க தெம்பு இல்ல, எனக்கும் ஆரம்பத்துல சரியா பால் ஊறல, டாக்டர் சீட்டுல எழுதிக் குடுத்துதான் வாங்கினோம். தாய்ப்பாலும் இதுவும் ரெண்டும் போச்சு. இத சொல்றதுக்கு எனக்கு ஒரு கூச்சமும் இல்ல, ஆனா ஊர்ல பல பேருக்கு இருக்கு, ஏன் இருக்குங்கறதுதான் இந்த ரிவ்யூவோட பாதி.

முதல்ல பவுடர். கரையறதுல குறை சொல்ல முடியாது, கட்டி கட்டல, ஆனா கடகடன்னு குலுக்காதீங்க, நுரை வந்து அதயும் சேத்து குடிச்சு குழந்தைக்கு வயிறு உப்பிக்கும், மெதுவா சுத்தி விட்டா போதும். மோந்து பாத்தா லேசா சத்து மாத்திரை வாடை. நாக்குல வெச்சுப் பாத்தேன், பால்கோவா நெனச்சு வாய் வெக்கறவங்களுக்கு ஏமாற்றம்தான். பையனுக்கு மலம் கொஞ்சம் இறுக்கமா போச்சு, தாய்ப்பால் மட்டும் குடிக்கற குழந்தைய விட இதுல அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. காசுதான் வலிக்குது. 30 மில்லி தண்ணிக்கு ஒரு ஸ்கூப், ஒரு ஸ்கூப் நாலரை கிராம் கிட்ட வருது, அப்ப 400 கிராம்ல தொண்ணூறு ஸ்கூப் கூட தேறாது. முழுக்க இதையே நம்பி இருக்கற குழந்தைக்கு ஒரு டின் ஒரு வாரம் கூட தாங்காது, மாசத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் சாதாரணமா போயிடும்.

சரி, இப்ப டின்ன கையில எடுத்து திருப்பிப் பாருங்க. கொழுகொழுன்னு சிரிக்கற குழந்தை படம் இருக்கா? இருக்காது. அம்மா படம்? அதுவும் இல்ல. ஒரு வளைவு கோடு, பெருசா ஒரு 1 நம்பர், அவ்ளோதான். அதுக்கு பக்கத்துல கேபிட்டல் லெட்டர்ஸ்ல, உங்க குழந்தைக்கு தாய்ப்பால்தான் சிறந்ததுன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கும். காசு குடுத்து வாங்கற பொருள் மேலயே "என்ன விட வேற ஒண்ணு நல்லது"ன்னு எழுதியிருக்கறத வேற எங்க பாத்திருக்கீங்க? அதுக்கு கீழயே ஹெல்த் ஒர்க்கர் சொன்னா மட்டும் குடுங்க, பாட்டில சுத்தமா வைங்க, இது மட்டுமே ஆகாரம் இல்லன்னு வரிசையா எச்சரிக்கை.

கம்பெனிக்காரங்க நல்ல மனசுல போட்டது இல்ல இது. 1992ல வந்த சட்டம், 1993 ஆகஸ்ட் 1லேருந்து அமல், 2003ல திருத்தி இன்னும் இறுக்கினாங்க. படம் கூடாது, தாய்ப்பாலுக்கு சமம்னு தோணற மாதிரி வார்த்தை கூடாது, விளம்பரம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது, கிஃப்ட் கூடாது, ஃபீடிங் பாட்டிலுக்கும் இதே ரூல்தான். விளம்பரம், சாம்பிள், கிஃப்ட் ரூல மீறினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 5000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். (அந்த அபராதத்த நெனச்சா சிரிப்பு வருது, பத்து டின் விலை கூட இல்ல.)

அதுக்கு முன்னாடி நிலைமை எப்படி இருந்துச்சுன்னா, க்ளாக்ஸோ பால் பவுடர் காலத்துலேருந்து பெரிய பெரிய போஸ்டர், குண்டு குழந்தை படம், கொழுகொழு குழந்தைய பாத்தா நம்ம வீட்டு ஆளுங்களே இன்னிக்கும் "அமுல் பேபி"ன்னுதான் கொஞ்சறாங்க, அந்த அளவுக்கு விளம்பரம் வேலை பாத்திருக்கு. ஏழை நாடுகள்ல கம்பெனி ஆளுங்க நர்ஸ் டிரெஸ்லயே ஆஸ்பத்திரிக்குள்ள போய் அம்மாக்கள்ட்ட பவுடர் சிபாரிசு பண்ணியிருக்காங்க. 1974ல லண்டன்ல வார் ஆன் வான்ட்ங்கற அமைப்பு இத அம்பலப்படுத்தி அறிக்கை போட்டுச்சு. நல்ல தண்ணி இல்லாத ஊர்ல, காசு பத்தாம பவுடர பாதியா கொறச்சு தண்ணியா கலக்கி குடுத்து குழந்தைங்க வயித்துப்போக்குலயும் சத்துக்குறைவுலயும் செத்ததுதான் விஷயம். 1977ல அமெரிக்கால நெஸ்லே பொருள் வாங்க மாட்டோம்னு புறக்கணிப்பு கெளம்பி, 1981ல உலக சுகாதார சபைல விற்பனை நெறிமுறை ஓட்டுக்கு வந்தப்ப 118 நாடு ஆதரவு, எதிர்த்தது ஒரே நாடு, அமெரிக்கா. நம்ம சட்டம் அந்த நெறிமுறையோட வாரிசுதான்.

அதனால டின்னுக்கு வெளிய வாயத் திறக்க முடியாத கம்பெனிங்க என்ன பண்ணுது? டிவில பாருங்க, ரெண்டு வயசுக்கு மேல குடிக்கற பால் பவுடர், மூளை வளர்ச்சி, டிஎச்ஏங்கற கொழுப்புச் சத்து, பையன் கடகடன்னு பசில் சேக்கறான், அம்மா கண்ணு விரியுது. ரெண்டு வயசுக்கு மேலன்னா சட்டம் தொடாது. ஆனா அந்த டப்பா கலரு, எழுத்து, லோகோ எல்லாத்தயும் பாத்துட்டு மெடிக்கல் ஷாப்ல போய் நின்னா கை தானா எங்க போகும்னு சொல்லணுமா என்ன. மனசுல பதியறது ஒண்ணுதான், டப்பால இருக்கறது அறிவு, நம்ம உடம்புல வர்றது வெறும் பால். இதுக்கு ஜீரோ ஸ்டார்.

அடுத்தது ரீல்ஸ். குட்டி குழந்தையோட அம்மா, வெள்ளை கிச்சன், மார்பிள் மேடை, "எங்க ஃபார்முலா ஜர்னி"ன்னு டின்ன காமிச்சுட்டு "இது பெய்டு இல்ல"ன்னு சிரிப்பாங்க. 2003 திருத்தத்துலயே எலக்ட்ரானிக் வழி விளம்பரமும் உள்ள வந்தாச்சு, அப்ப காசு வாங்கிட்டு போடற ரீலும் இதுல சேந்ததுதான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கம் வராத அம்மா போனுக்கு மட்டும் வர்ற விஷயத்த எந்த அதிகாரி பாக்கப் போறாரு? 2022ல உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் எட்டு நாட்டுல 8500 பேர்ட்ட கேட்டதுல பாதிக்கு மேல, 51 சதவீதம் பேரு, ஃபார்முலா மார்க்கெட்டிங் தங்கள குறி வெச்சு வந்துச்சுன்னு சொன்னாங்க. இந்தியா அந்த எட்டுல இல்ல. பங்களாதேஷ் இருக்கு.

இதெல்லாம் வெச்சு தாய்ப்பால் பக்கம் பேசற மீடியா ஒழுங்குன்னு நெனச்சுடாதீங்க. நம்ம சினிமால தாய்ப்பால் எதுக்கு வரும்? "ஆத்தாகிட்ட தாய்ப்பால் குடிச்சவனா இருந்தா வெளிய வாடா"ன்னு தெருவுல சவால் விடறதுக்கு. அப்படிப் பாத்தா என் பையன் யார் சவாலயும் ஏத்துக்க முடியாது, பாதி குடிச்சவன், வாசல் வரைக்கும் வேணா வரலாம். சீரியல்ல குழந்தை பொறந்த அடுத்த சீன்ல அம்மா தலை நெறைய பூவோட ஒக்காந்திருப்பாங்க, காம்புல வெடிப்பு, பால் கட்டி காய்ச்சல், சிசேரியன் தையலோட நிமிந்து ஒக்கார முடியாதது, இது எதுவும் கதையிலயே வராது.

ஆகஸ்ட் 1லேருந்து 7 வரைக்கும் தாய்ப்பால் வாரம். ஆஸ்பத்திரில கோலப்போட்டி, ரிப்பன், பேனர், மறுநாள் பேப்பர்ல குரூப் போட்டோ. பேனர்ல இருக்கற அம்மா குழந்தையோட மூக்க பாத்து சிரிக்கறாங்க, ஆனா குழந்தையோட வாய் எங்க இருக்கணும், காம்பு மட்டும் இல்லாம அதச் சுத்தி இருக்கற கருப்பு பகுதியும் எவ்ளோ உள்ள போகணும், தாடை எங்க ஒட்டணும், அதுல ஒண்ணும் தெரியாது, முந்தானை மறைச்சுடுது. எனக்கு அத சொல்லிக் குடுத்தது ஒரு வயசான ஸ்டாஃப் நர்ஸ். "கழுத்த பிடிச்சு அமுக்காதம்மா, அவன் வாய நல்லா தொறக்கட்டும், அப்ப டக்குனு சேத்துக்கோ"ன்னு சொல்லி, பால பீச்சி எடுத்து பாலாடைல (பால் புகட்டற சின்ன கிண்ணம்) சொட்டு சொட்டா ஊத்தக் கத்துக் குடுத்தாங்க. ரெண்டே நிமிஷம்தான். அந்த ரெண்டு நிமிஷத்த ஒரு வீடியோவா எடுத்து பஸ்ஸுல பிகில் படம் போடற டிவில ஓட்டினா கூட எவ்ளோ பேருக்கு உதவும்.

2019-21 தேசிய குடும்ப நல சர்வே பாத்தா நாட்டுல 88 சதவீதத்துக்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரிலதான் நடக்குது, ஆனா பொறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால் கெடைச்ச குழந்தைங்க 41.8 சதவீதம்தான். டாக்டர், நர்ஸ் எல்லாரும் பக்கத்துல இருந்தே இப்படி. இதுக்கு அம்மாவோட தியாக உணர்ச்சிய சொரண்டி விட்டு என்ன ஆகப் போகுது?

நெஜமாவே காமிச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு கேரளால ஒரு உதாரணம் இருக்கு. 2018 மார்ச்ல க்ருஹலக்ஷ்மி பத்திரிகை அட்டைல நடிகை கிலு ஜோசஃப் குழந்தைய மார்போட அணைச்சு நேரா கேமராவ பாக்கற படம் வந்துச்சு, முறைக்காதீங்க, நாங்க பால் குடுக்கணும்ங்கறதுதான் விஷயம். உடனே கேஸு, ஆபாசம்னு. ஹைகோர்ட், எவ்ளோ பாத்தும் எங்களுக்கு ஆபாசம் தெரியல, ரவிவர்மா ஓவியத்த பாக்கற அதே கண்ணாலதான் இதயும் பாத்தோம்னு தள்ளுபடி பண்ணிடுச்சு. இன்னொரு பக்கம், நெஜ அம்மாவ விட்டுட்டு எதுக்கு மாடல்னும் கேட்டாங்க, அது நியாயமான கேள்வி, அந்த இடத்துல பத்திரிகைக்கு அரை ஸ்டார் கொறைக்கலாம். ஆனா தமிழ்ல இந்த அளவுக்கு எந்த பெரிய பத்திரிகையாவது தைரியமா போடுமான்னு யோசிச்சா எனக்கு சந்தேகம்தான்.

வேலைக்கு போற அம்மா கணக்கு தனி. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்னு போஸ்டர் சொல்லுது. கவர்மென்ட் வேலைனா தமிழ்நாட்டுல 2021லேருந்து ஒரு வருஷம் லீவு, தனியார்ல சட்டப்படி 26 வாரம். ஜவுளிக்கடைல நிக்கற பொண்ணுக்கு? வீட்டு வேலைக்கு போறவங்களுக்கு? அவங்க டின் வாங்கினா அது சோம்பேறித்தனமாம், அழகு கெட்டுடும்னு குடுக்கலயாம், இப்படி பேசற ஆளுங்க இன்டர்வியூல ஒரு கேள்வி கூட முதலாளிய பாத்து வராது. 2015ல பஸ் ஸ்டாண்ட்ல எல்லாம் பாலூட்டும் அறை தொறந்தது உருப்படியான வேலை, ஆனா எங்க ஊர் பஸ் ஸ்டாண்ட்ல அதுக்குள்ள இப்ப தொடப்பமும் பக்கெட்டும்தான் ஓய்வெடுக்குது.

வீட்டுலயும் இதோட எதிரொலிதான். சொந்தக்காரங்க குழந்தை பாக்க வர்றாங்கன்னா எங்க அத்தை மொதல்ல பண்ற வேலை டின்ன எடுத்து அரிசி டிரம்முக்கு பின்னாடி வெக்கறது. நல்லவங்கதான், பால்சுறா புட்டும் பூண்டு கொழம்பும் எனக்காக மாத்தி மாத்தி பண்ணவங்க, ஆனா வந்தவங்க "தாய்ப்பால்தானே?"ன்னு கேட்டா "ஆமா ஆமா, நல்லா இருக்கு"ன்னு அவங்களே முந்திக்கிட்டு சொல்லிடுவாங்க. அதே அத்தை, டின்ல இருக்கற ஸ்கூப்ப கோபுரமா அள்ளி போடுவாங்க, சத்து ஜாஸ்தியா போகட்டும்னு. "அத்தை, மட்டமா வழிச்சு போடணும், இல்லன்னா புள்ளைக்கு ஒத்துக்காது"ன்னு கத்தி முதுகால வழிச்சு காமிச்சேன். "இதெல்லாம் யாரும்மா சொல்றா?"ன்னு கேட்டாங்க. யாரும் சொல்லல, அதான் பிரச்சனை. ஒரு பக்கம் விளம்பரம் அறிவாளி ஆக்கறேங்குது, ஒரு பக்கம் ஊரு பவுடர் குடுக்கறதே பாவம்ங்குது, எப்படி கலக்கணும்னு சொன்னது டின்னோட பின்பக்கம் இருக்கற பொடி எழுத்து மட்டும்தான்.

அதான் லேபிளுக்கு நாலு ஸ்டார். அஞ்சு ஏன் இல்லன்னா, நான் வாங்கினதுல இங்கிலீஷும் ஹிந்தியும்தான், தமிழ்நாட்டுல விக்கற டின்ல அளவு அட்டவணை ஒரு வரி கூட தமிழ்ல இல்ல, எங்க அத்தை எப்படி படிப்பாங்க? அப்புறம் தண்ணி. காய்ச்சி வெதுவெதுப்பா ஆறவெச்சு கலக்கணும்னு போட்டிருக்கு. 2007 உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல்ல 70 டிகிரிக்கு கொறயாத தண்ணில கலக்கி, அப்புறம் ஆறவெச்சு குடுக்கணும்னு இருக்கு, ஏன்னா பவுடர் கிருமி இல்லாத பொருள் கெடையாது, உள்ள கிருமி இருந்தா அந்த சூட்டுலதான் சாகும். குறைமாச குழந்தைக்கு இது முக்கியம், உங்க டாக்டர்ட்ட கேட்டுட்டு பண்ணுங்க. கலக்கி வெச்ச பால் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருந்தா, மிச்சம் எவ்ளோ இருந்தாலும் கொட்டிடுங்க, காசு போச்சேன்னு பாக்காதீங்க.

வாங்கறவங்களுக்கு சில விஷயம். டாக்டர் எழுதிக் குடுக்காம வாங்காதீங்க. 30 சதவீதம் ஆஃபர், பாட்டில் ஃப்ரீன்னு ஆன்லைன்ல வந்தா அந்த ஆஃபரே சட்டத்துக்கு விரோதம்னு தெரிஞ்சுக்கோங்க. எக்ஸ்பயரி டேட் பாருங்க, டின்ன தொறந்த தேதிய ஸ்கெட்ச் பேனால மூடி மேல எழுதுங்க, எங்களோடதுல மூணு வாரத்துக்குள்ள முடிக்கணும்னு இருக்கு. ஸ்கூப் உள்ள பவுடர்ல பொதஞ்சு கெடக்கும், கைய விட்டு தேடாதீங்க, சுத்தமான காஞ்ச ஸ்பூனால எடுங்க.