‘ஷேரிங் செட்’ 1,450 ரூபாய் என்று நம்பி உட்காரும் முன்: ஒரு பெங்களூரு பில்லின் கணக்கு

இந்திராநகரில் ஒரு ஃப்யூஷன் பிஸ்ட்ரோ, அதாவது பல நாட்டுச் சமையலைக் கலந்து தரும் சிறு உணவகம். நான்கு பேர் ‘ஷேரிங் செட்’ (மேசையில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும் செட் மெனு) சாப்பிட்டதற்கு வந்த பில் 8,778 ரூபாய். வாசல் பலகையிலும் இன்ஸ்டாகிராம் படத்திலும் பெரிய எழுத்தில் போட்டிருந்த தொகை 1,450. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை வரி வரியாக இங்கே எழுதுகிறோம். கடையின் பெயரைப் போடவில்லை. இதே மாதிரி செட் மெனு இந்திராநகர், கோரமங்களா, சர்ச் ஸ்ட்ரீட் என்று பல இடங்களில் இருக்கிறது. எங்கே போனாலும் கீழே சொல்லும் கேள்விகள் உதவும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை இப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போக நினைப்பவர்கள், அதிலும் வீட்டில் சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்கள் இருந்தால், தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

முதலில் பில். செட் 1,450 வீதம் நான்கு பேருக்கு 5,800. ‘இறால் மாற்று’ 250 வீதம் நான்கு, 1,000. தண்ணீர் பாட்டில் 140 வீதம் நான்கு, 560. கூடுதல் பாவோ (ஆவியில் வேகவைத்த பன்) 120 வீதம் இரண்டு, 240. ஆக 7,600. அதன்மேல் 10% சேவைக் கட்டணம் 760. இரண்டையும் சேர்த்த 8,360-க்கு 5% ஜிஎஸ்டி 418. மொத்தம் 8,778.

1,450 என்பது ஒருவருக்கு. பலகையில் அது இல்லை. மெனு அட்டையின் அடியில், மங்கலான சாம்பல் நிறப் பொடி எழுத்தில் ‘ஒரு நபருக்கு, குறைந்தது 2 பேர், மேசையில் உள்ள அனைவரும் எடுக்க வேண்டும்’ என்று இருந்தது. கடைசி நிபந்தனைதான் பெரியது. நான்கு பேரில் ஒருவருக்குப் பசியில்லை, ஒரு சூப் போதும் என்றாலும் அவர் தலைக்கும் 1,450 விழும். உட்காரும் முன்பே ஒரே வாக்கியமாகக் கேளுங்கள்: “நாங்க நாலு பேர், இந்த செட் எடுத்தா வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” ‘செட் எவ்வளவு’ என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் 1,450-ஆகத்தான் இருக்கும், அது பொய்யும் ஆகாது.

பெரிய ஏமாற்று தட்டில்தான் இருக்கிறது. விலை தலைக்குத் தலை பெருகுகிறது, தட்டு பெருகுவதில்லை. முதலில் வந்த மூங்கில் கூடையில் சிக்கன் டம்ப்ளிங் 5. நால்வரில் ஒருவர் சைவம் என்பதால் அதைச் சாப்பிடுகிறவர்கள் மூன்று பேர். அடுத்து வந்த நெய் ரோஸ்ட் பாவோ 3. மெனுவில் ‘மேசைக்குப் பகிர்ந்துகொள்ள’ என்று இருக்கிறதே தவிர எத்தனை என்று எங்கும் இல்லை. இதற்குக் காரணம் சமையலறையின் வேலை முறை. சின்ன மூங்கில் கூடையில் ஒட்டாமல் வேக 5 அல்லது 6 டம்ப்ளிங்தான் கொள்ளும்; தனியாக ஆர்டர் செய்தாலும் அதே கூடைதான். செட் மெனுவுக்கு என்று புதிதாக அளவு போடாமல், 2 பேர் வந்தாலும் 4 பேர் வந்தாலும் அதே கூடையை அனுப்பிவிட்டு மெயின் பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்குகிறார்கள். 2 பேருக்கு அது சரியான சாப்பாடு. 4 பேருக்கு ஆளுக்கு ஒரு வாய். சொல்லிவைத்தாற்போல ‘இன்னும் ரெண்டு பாவோ கொண்டு வரட்டுமா?’ என்று கேப்டன் (பரிமாறுபவர்களின் மேற்பார்வையாளர்) கேட்பார். அந்த ‘கொண்டு வரட்டுமா’வின் விலைதான் 240.

நேர்மையாக செட் போடும் இடங்களில் 2 பேர், 3 பேர், 4 பேர் என்று தனித்தனியாக எண்ணிக்கையை அச்சிடுவார்கள். இல்லாத இடத்தில் ஆர்டருக்கு முன்பே ஒவ்வொரு தட்டுக்கும் எத்தனை பீஸ், நாலு பேருக்கு எத்தனை தட்டு என்று கேட்டு வாங்குங்கள். மெயினுக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். தெரியாது என்று கேப்டன் சொன்னால் உள்ளே போய்க் கேட்டு வரச் சொல்லலாம், ஏனென்றால் ஒழுங்காக நடக்கும் சமையலறையில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கிராம் கணக்கு எழுதி ஒட்டியிருப்பார்கள். கறியோ மீனோ ஆளுக்குச் சமைக்கும் முன் 120 முதல் 150 கிராம், சோறு வெந்தபின் 180 முதல் 200 கிராம் என்றால் வயிறு நிறையும்.

இறால் கதைக்கு வருவோம். “மெயின்ல சிக்கனா, இறாலா?” என்று சாதாரணமாகக் கேட்டார்கள். இறால் என்றோம். கூடுதல் காசு என்ற பேச்சே இல்லை. அட்டையில் ‘சில தேர்வுகளுக்குக் கூடுதல் கட்டணம்’ என்று ஒரு வரி, தொகை இல்லாமல். அந்த 250-ஐ நான்கால் பெருக்கினார்கள், சைவம் சாப்பிட்டவர் தலையிலும் சேர்த்து. பாத்திரத்தில் எண்ணிப் பார்த்தால் 9 இறால், நடுத்தர அளவு. இறாலை 26/30 என்ற மாதிரி எண் போட்டு வாங்குவார்கள். ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 26 முதல் 30 உருப்படி என்று அர்த்தம். ஒன்று 15 முதல் 17 கிராம். 9 இறால் என்றால் 150 கிராம் சுற்றுவட்டாரம். ஒருவருக்கான அளவை மூன்று பேருக்கு வைத்துவிட்டு நான்கு பேருக்கான மாற்றுக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள்.

எனவே ‘இதுவா, அதுவா?’ என்று யார் எதைக் கேட்டாலும் ‘ரெண்டும் ஒரே விலையா?’ என்பதுதான் உங்கள் முதல் பதிலாக இருக்கட்டும். தண்ணீருக்கும் அதே. ‘ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?’ என்பது இரண்டு பாட்டில்களுக்கு நடுவில் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி. ‘ஃபில்டர் தண்ணி போதும்’ என்று மூன்றாவது பதில் ஒன்று உண்டு. பாட்டில் தண்ணீருக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கினார்கள் என்று சண்டை போடுவதில் பயனில்லை. ஹோட்டலும் உணவகமும் அப்படி விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. திறக்கும் முன் வேண்டாம் என்று சொல்வதுதான் வழி. மெனு அட்டையை ஆர்டர் எடுத்தவுடன் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அதற்குள் பொடி எழுத்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கியூஆர் மெனுவாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட். ஆப் தள்ளுபடியை நம்பிப் போகிறவர்கள், செட் மெனுவுக்கு அது உண்டா என்று முன்பே கேளுங்கள்.

காசு போனது கூடப் பரவாயில்லை. மனசு ஆறாதது சைவத் தட்டு. நால்வரில் ஒருவர் வாழ்நாளில் அசைவம் தொடாதவர், வயதில் மூத்தவர். முன்பதிவிலேயே சொல்லியாயிற்று, மேசையிலும் சொல்லியாயிற்று. ‘எல்லாமே வெஜ்ஜா மாத்திக் கொடுக்கிறோம்’ என்றார்கள். காளான் டம்ப்ளிங் 2, கிம்ச்சி (கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய்) ஃப்ரைட் ரைஸ், டோஃபு (சோயா பனீர்) போட்ட தாய்லாந்து கிரீன் கறி வந்தது. மெனுவில் அந்த ரைஸுக்குப் பச்சைப் புள்ளி. பாதி சாப்பிட்ட பிறகு, கிம்ச்சி இங்கேயே போடுவதா என்று பேச்சுவாக்கில் கேட்டபோது, ஆமாம், ஃபிஷ் சாஸ் ஊற்றித்தான் ஊற வைப்போம் என்று சமையலறையிலிருந்து பதில் வருகிறது. கறிக்குப் போட்ட பேஸ்ட் டப்பாவைக் காட்டச் சொன்னோம். லேபிளில் இறால் என்று பொருள் பட்டியலிலேயே இருக்கிறது, அசைவத்துக்கான பழுப்பு முக்கோணமும் இருக்கிறது. ‘பீஸ் எதுவும் இல்லையே, டேஸ்ட்டுக்குத்தானே’ என்பது மேனேஜரின் விளக்கம். அந்த 1,450-ஐக் கழிக்க மறுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பன்னா கோட்டா (க்ரீமில் செய்யும் இனிப்பு) இலவசம் என்றார். அதுவும் ஜெலட்டின் போட்டு உறையவைத்தது. ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது.

இப்படிப்பட்ட சமையலறைகளில் ‘வெஜ்தானே?’ என்ற கேள்விக்கு மதிப்பில்லை. துண்டு கண்ணில் படவில்லை என்றால் அவர்களுக்கு அது வெஜ். பொருளின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். கிம்ச்சியில் மீன் சாஸ், உப்பிட்ட இறால் இரண்டும் வழக்கம். தாய்லாந்து கறி பேஸ்ட் சிவப்போ பச்சையோ, இறால் விழுது இருக்கும். இல்லாத பேஸ்ட்டும் கடையில் கிடைக்கிறது, டப்பாவைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜப்பானிய மிசோ சூப்புக்கும் ராமென் நூடுல்ஸுக்கும் அடிப்படையான தாஷி என்ற சாற்றில் உலர்த்திய சூரை மீன் சீவல் போடுவார்கள், ஏறக்குறைய நம் மாசிக் கருவாடுதான். ஆய்ஸ்டர் சாஸ் சிப்பிச் சாறு. வூஸ்டர்ஷயர் சாஸிலும் சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கிலும் நெத்திலி. இறக்குமதி பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் செய்வது. பச்சைப் புள்ளி போட்ட இந்திய சீஸ்களில் அந்தக் கவலை இல்லை. மூஸ், சீஸ் கேக், பன்னா கோட்டாவுக்கு ஜெலட்டினா, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகரா என்று கேளுங்கள். கடைசியாக, பொரிக்கிற எண்ணெய். டெம்புராவுக்கு மாவில் முக்கிய காய்கறியும் இறாலும் ஒரே ஃப்ரையரில் இறங்கும் இடங்கள் நிறைய. தனி ஃப்ரையர் இல்லை என்றால் ஆவியில் வெந்ததைக் கேட்டு வாங்குவதுதான் பாதுகாப்பு.

இறால், நண்டு ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இது நம்பிக்கை பற்றிய விஷயம் மட்டுமல்ல, உயிர் பற்றியது. பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் வைத்திருக்கும் உணவகங்கள் மெனுவில் கலோரியும் ஒவ்வாமைப் பொருள் விவரமும் காட்ட வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் விதி இருக்கிறது. ஒற்றைக் கிளை பிஸ்ட்ரோவில் அதை எதிர்பார்க்க முடியாது. நாமேதான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

இனி சேவைக் கட்டணம். 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி உணவகம் அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரில் வசூலிக்கக் கூடாது, கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, சாப்பாட்டுத் தொகையோடு சேர்த்து அதற்கும் ஜிஎஸ்டி போடக் கூடாது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்து, மனு போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் வழக்குச் செலவு விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. ‘அது டெல்லிக்கு, இது பெங்களூரு’ என்பார்கள். ஆணையம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நாடு முழுவதற்கும் அமைந்தது. கர்நாடகாவுக்கு விலக்கு எதுவும் கிடையாது. ‘வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறோமே’ என்பதும் நிற்காது.

கட்டணத்தை எடுத்தால் வரியும் குறையும் என்பதைக் கவனியுங்கள். மேலே உள்ள பில்லில் 760 போனால் 7,600-க்கு 5% வரி 380, மொத்தம் 7,980. வித்தியாசம் 798. சிலர் 760-ஐ மட்டும் கழித்துவிட்டு வரியைப் பழையபடியே வைப்பார்கள். பேனாவால் அடித்துத் தந்தால் வாங்காதீர்கள், புதிய பில் அச்சிடச் சொல்லுங்கள். சத்தம் போடத் தேவையில்லை. மேசையில் பணம் கட்டாமல் கவுன்ட்டருக்குப் போய் ‘சர்வீஸ் சார்ஜ் தெகெது பில் கொடி’ (சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு பில் கொடுங்கள்) என்று கன்னடத்தில் சொன்னாலே பாதி இடங்களில் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுவார்கள். பரிமாறிய பையன்களுக்குக் கொடுக்க மனமிருந்தால் கையில் நேரடியாகக் கொடுங்கள்.

பில்லிலேயே சரிபார்க்க வேண்டியவை இரண்டு. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து, கர்நாடகாவில் 29 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டுத் தேடினால் கடை எந்தத் திட்டத்தில் பதிவானது என்று தெரியும். காம்போசிஷன் (சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டம்) என்று வந்தால் அவர்கள் நம்மிடம் வரி வாங்கவே கூடாது. தனி உணவகத்துக்கு வரி 5% தான். 18% என்பது அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் நட்சத்திர ஹோட்டல்களுக்குள் இருப்பவற்றுக்கு. மது ஜிஎஸ்டியில் வராது, அதைச் செட்டோடு சேர்த்து ஒரே தொகையாகப் போட்டு 5% கணக்கிட்டிருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண். 2022 ஜனவரி 1 முதல் பில்லில் அது இருந்தாக வேண்டும். சைவத் தட்டு மாதிரி விஷயத்துக்கு ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ ஆப்பில் புகார் போட அந்த எண்தான் தேவைப்படும்.

பில்லை மாற்ற மறுத்தால் யூபிஐயில் கட்டி, குறிப்புப் பகுதியில் ‘ஆட்சேபத்துடன்’ என்று எழுதுங்கள். பில், மெனு போட்டோ, வாசல் பலகை போட்டோ மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல், அல்லது 8800001915 வாட்ஸ்அப்பில் புகார் பதியலாம். தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

இந்த பில்லில் 1915 புகாருக்குப் பிறகு 798 ரூபாய் திரும்ப வந்தது. இறால் மாற்றுக் கட்டணத்தை ‘மெனுவில் இருக்கிறது’ என்று மறுத்துவிட்டார்கள். கிம்ச்சிக்கும் கறிக்கும் இன்னும் பதில் இல்லை. பேஸ்ட் டப்பாவின் படத்தோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் போயிருக்கிறது. மெனுவில் அந்த ரைஸுக்குப் பச்சைப் புள்ளி இன்னும் அப்படியே இருக்கிறது.