சாவி கொடுத்த பொம்மைகளின் போர்க்களம்: 'சூப்பர் போக்கிமான் ரம்பிள்' மறுபார்வை

போக்கிமான் எனப்படும் கற்பனை உயிரினங்களைப் பிடித்துச் சேர்க்கும் காணொளி விளையாட்டுத் தொடரின் முதன்மை விளையாட்டுகளில் ஒரு போக்கிமானைப் பிடிப்பவர் அதை நெடுநாள் வளர்க்கிறார். அதன் நிலை உயர்கிறது, உருவம் மாறுகிறது, ஆடுபவருக்கு அதன்மேல் ஒரு பற்றும் உண்டாகிறது. 2011ஆம் ஆண்டு நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக வெளிவந்த 'சூப்பர் போக்கிமான் ரம்பிள்' இந்தப் பற்றுக்கு இடமே கொடுக்காத விளையாட்டு. இதில் வருபவை சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைப் போக்கிமான்கள். அவை வளர்வதில்லை, உருமாறுவதுமில்லை. கைக்கு வரும்போது எந்த வலிமை எண்ணோடு வந்தனவோ அதோடு நின்றுவிடுகின்றன. அதைவிடப் பெரிய எண்ணுள்ள பொம்மை கிடைத்தவுடன் பழையது பட்டியலின் அடிக்குப் போய்விடுகிறது. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆடிப் பார்க்கையில், இந்த விளையாட்டின் ஈர்ப்பு, சலிப்பு இரண்டுக்கும் வேர் இந்த விதியில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

ஆடும் முறை மிக எளிது. மேலிருந்து பார்க்கும் கோணத்தில் ஒரு பொம்மையைக் கருவியின் வட்டக் குமிழால் (சர்க்கிள் பேட்) நகர்த்தி, 'ஏ', 'பி' ஆகிய இரு பொத்தான்களால் தாக்க வேண்டும். ஒவ்வொரு பொம்மைக்கும் அதிகபட்சம் இரண்டு தாக்குதல்கள்தாம். காடு, கடற்கரை, குகை என்று எங்கு சென்றாலும் எதிர்ப்படும் பொம்மைக் கூட்டங்களை அடித்துச் சாய்த்துக்கொண்டே போனால், முடிவில் பேருருவம் கொண்ட ஒரு தலைமைப் பொம்மை வந்து நிற்கும். சாயும் பொம்மைகளில் சில மறையாமல் தரையிலேயே கிடக்கும். அவற்றின்மேல் நடந்தாலே அவை நம்முடையவை. பந்து எறிவதோ, பொறுமையாகக் காத்திருப்பதோ இங்கே இல்லை.

நெருப்புக்குப் புல் பணியும், நீருக்கு நெருப்பு பணியும் என்ற தொடரின் பழைய கணக்கு இங்கும் செல்லும். ஆயினும் வெற்றியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தாக்குதல் எவ்வளவு தூரம் எட்டுகிறது, எவ்வளவு விரைவாக அடுத்த அடிக்கு ஆயத்தமாகிறது என்பதுதான். ஒரே இனத்துப் பொம்மை இரண்டு முறை கிடைத்தாலும் அவற்றின் தாக்குதல்கள் வேறாக இருக்கலாம். சிலவற்றுக்குத் தனிப்பண்பு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரும். இதனால் ஏற்கெனவே கையிலிருக்கும் இனம் தரையில் விழுந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் கடந்துபோக மனம் வருவதில்லை. வலிமை எண் சற்றுக் குறைவாக இருந்தும் தொலைவிலிருந்து தாக்கவல்ல பொம்மையை வைத்திருப்பதா, எண் பெரிதாக இருந்தும் நெருங்கிச் சென்றால் மட்டுமே அடிக்கத் தெரிந்த புதியதை ஏற்பதா என்ற சிறு முடிவுகளில்தான் இதன் சுவை அடங்கியிருக்கிறது. வழியில் சேரும் காசைக் கொண்டு புதிய தாக்குதல் வாங்கலாம். ஆனால் நாளையே ஓரங்கட்டப்படப்போகும் பொம்மைக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்ற தயக்கம் எழுவதால், தொடக்கத்தில் காசு பெரும்பாலும் பைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

குறைகளில் முதன்மையானது கதை. பொம்மைகளைச் செப்பனிடும் ஒளித்துளிகள் குறைந்துபோகின்றன, அதன் காரணத்தைத் தேடிப் பிகாச்சு என்ற பொம்மைப் போக்கிமான் ஊர் ஊராகச் செல்கிறது என்னும் அளவில் அது போதுமானதே. அந்த எளிய கதையை வழியில் நிற்கும் ஒவ்வொரு பொம்மையும் நீட்டி முழக்கிச் சொல்வதுதான் பொறுமையைச் சோதிக்கிறது. சில நிமிடங்களில் முடியும் ஆட்டத்துக்காகக் கருவியைத் திறப்பவருக்கு, அதில் பாதி நேரம் உரையாடலைத் தள்ளிக்கொண்டிருப்பதிலேயே கழிகிறது. குழந்தைகளுக்காக எழுதப்பட்டது என்ற சமாதானமும் ஏற்கத்தக்கதல்ல. குழந்தைகள் இதைவிட விரைவாகப் புரிந்துகொள்வார்கள்.

கூட்டத்தோடு கூட்டம் மோதும் போர்களும் அப்படித்தான்: பார்க்கக் கோலாகலம், செய்வதற்கோ பொத்தானை விடாமல் அழுத்துவதைத் தவிர வேறொன்றும் இல்லை. மாறாக, குறித்த நேரத்துக்குள் ஓர் அரங்கு நிறைய நிற்கும் பொம்மைகளை வீழ்த்த வேண்டிய 'பேட்டில் ராயல்' போட்டி இன்றும் விறுவிறுப்புக் குறையாமல் இருக்கிறது. எந்தப் பொம்மையை முன்னே நிறுத்துவது என்று உண்மையிலேயே யோசிக்க வைப்பது அந்தப் பகுதி ஒன்றுதான்.

முப்பரிமாணத் திரை இந்த விளையாட்டுக்குப் பொருந்துவதைப் போல எல்லா விளையாட்டுகளுக்கும் பொருந்தியதில்லை. ஆழத்தைக் கூட்டும்போது களம் முழுவதும் ஒரு சிறு பெட்டிக்குள் அடுக்கிய பொம்மை உலகமாகத் தெரிகிறது. கருவிகள் தமக்குள் தானாகத் தரவு பரிமாறிக்கொள்ளும் ஸ்ட்ரீட்பாஸ் வசதி மட்டும் காலத்தின் பலியாகிவிட்டது: இன்னொரு 3டிஎஸ் வைத்திருப்பவர் அருகில் கடந்து சென்றால்தான் அது இயங்கும், அந்தக் கருவியின் தயாரிப்போ 2020இலேயே நின்றுவிட்டது.

ஆயினும் கருவியில் செருகி ஆடும் கேட்ரிட்ஜாக வந்ததால் இந்த விளையாட்டு பிழைத்திருக்கிறது. இதே வரிசையில் 2019இல் கைப்பேசிக்கு வந்த 'ரம்பிள் ரஷ்' அடுத்த ஆண்டே சேவை நிறுத்தப்பட்டு, இன்று ஆடவே முடியாத நிலையில் உள்ளது. 2015இல் 3டிஎஸ் கருவிக்கே இலவசப் பதிவிறக்கமாக வந்த 'ரம்பிள் வேர்ல்ட்', நீண்ட கதையைக் களைந்துவிட்டுச் சேகரிப்பை மட்டும் முன்னிறுத்தியது. ஆனால் பொறுமை இல்லாதவர்களிடம் விளையாட்டுக்குள் செலவழிக்கும் வைரங்களைக் காசுக்கு விற்றது. அதன் கேட்ரிட்ஜ் பதிப்பு பின்னர் வந்தபோது அந்த விற்பனை நீக்கப்பட்டது. இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க முடியுமானால் அந்தக் கேட்ரிட்ஜையே தேடலாம் என்பது என் கருத்து. பேட்டில் ராயலுக்காகவும் பொம்மைப் பெட்டி போன்ற அந்தத் தோற்றத்துக்காகவும் 'சூப்பர் போக்கிமான் ரம்பிள்' இரண்டாவதாக வரலாம். பழைய கேட்ரிட்ஜ் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 3டிஎஸ் கருவி மண்டலப் பூட்டு உடையது, அதாவது ஒரு மண்டலத்தில் விற்ற கேட்ரிட்ஜ் வேறு மண்டலக் கருவியில் இயங்காது; இந்த விளையாட்டு வட அமெரிக்காவில் 'போக்கிமான் ரம்பிள் பிளாஸ்ட்' என்ற பெயரில் விற்கப்பட்டது. ஐரோப்பியக் கருவியில் அந்தப் பிரதி ஓடாது.