"எட்டு டிரைவ் போகும்" என்று சொல்லி விற்கப்படும் கேபினட்டுகள்: கடலூர், புதுச்சேரி நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தானே புயலில் நனைந்து வீணானவை போக எஞ்சிய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து, இனி எந்த மழைக்கும் அழியாதபடி வீட்டிலேயே ஒரு சேமிப்பகச் சர்வரில் வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டின் நெடுநாள் விருப்பம். அதற்காகப் புதுச்சேரியில் உள்ள ஒரு கணினிக் கடையில், ஆறு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள் பொருந்தும் கேபினட் (கணினியின் வெளிக்கூடு) வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன். "இதில் எட்டு டிரைவ் தாராளமாகப் போகும் சார்" என்று உறுதி கூறிய கடைக்காரர், முன்பணம் பெற்றுக்கொண்டு சென்னையிலிருந்து வரவழைத்த கேபினட்டை, பெட்டியைப் பிரிக்காமலேயே கொடுத்தனுப்பினார். கடலூருக்குக் கொண்டுவந்து திறந்தபோது, எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியை) மறைக்கும் தகட்டுக்கு அடியில் 3.5 அங்குல டிஸ்க்குக்கு இரண்டே இடங்கள்தாம் இருந்தன. மற்ற ஆறும் மதர்போர்டுத் தட்டின் பின்புறத்தில் எஸ்எஸ்டிக்காக (சுழலும் பாகமில்லாத மெல்லிய டிரைவுக்காக) போடப்பட்ட திருகுத் துளைகள்.

மோசடி நடப்பது இந்தக் கணக்கில்தான். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஏறத்தாழ 147 மில்லிமீட்டர் நீளமும் 26 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது, 2.5 அங்குல எஸ்எஸ்டியோ பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தடிமன்தான். இரண்டையும் "டிரைவ்" என்ற ஒரே சொல்லில் கூட்டிச் சொன்னால் எட்டு வந்துவிடுகிறது. இன்று கடைகளில் அடுக்கியிருக்கும் கேபினட்டுகளில் பெரும்பாலானவை விளையாட்டுக் கணினிகளுக்காகச் செய்யப்படுபவை. நீளமான கிராஃபிக்ஸ் கார்டுக்கும் முன்புற விசிறிகளுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால், முன்பெல்லாம் முகப்பை ஒட்டி நின்ற டிஸ்க் கூடு அவற்றில் இருப்பதில்லை. இதை அறியாத கடைக்காரர் இருக்க முடியாது.

திருப்பித் தரச் சென்றபோது, "பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், இனி எடுத்துக்கொள்ள முடியாது" என்றார். பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை ஒருவர் எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அதற்கு மாற்றாக, தனியாக ஓர் இரும்புக் கூட்டைக் கேபினட்டின் அடித்தகட்டில் துளையிட்டுப் பொருத்தித் தந்தார். அதிகக் கொள்ளளவு கொண்ட புதிய டிஸ்க்குகள் பலவற்றில் திருகு மாட்டும் நடுத்துளைகள் இருக்காது என்பதால், அந்தக் கூட்டில் எங்கள் டிஸ்க்குகள் ஒவ்வொன்றும் ஒரு முனையில் மட்டுமே திருகி நின்றன. சுழலும் டிஸ்க்குக்கு அதிர்வு எவ்வளவு கெடுதல் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதைவிட அபாயமானது அவர் சேர்த்துக் கொடுத்த மின்சார ஏற்பாடு. கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா இணைப்புகள் போதவில்லை என்று, மோலெக்ஸ் என்ற பழைய வகை மின்முனையைச் சாட்டாவாக மாற்றும் கன்வெர்ட்டர்களைப் போட்டிருந்தார். இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே உலோக முனையில் அழுத்தப்பட்டு உறைக்குள் செருகப்பட்டிருக்கும். மற்றொன்றில் கம்பிகளை வைத்து அவற்றின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியிருப்பார்கள். இரண்டாம் வகையில், சூட்டில் பிளாஸ்டிக் இளகும்போது 12 வோல்ட், 5 வோல்ட், தரை (கிரவுண்ட்) கம்பிகள் ஒன்றையொன்று நெருங்கித் தொட்டுத் தீப்பற்றும் வாய்ப்பு உள்ளது. எங்களுக்குத் தரப்பட்டது அந்த இரண்டாம் வகை. ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடிகளில் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கக்கூடும். ஆறும் ஒன்றாகத் தொடங்கினால் டிஸ்க்குகளுக்கு மட்டுமே 144 வாட். அப்படி ஒருநாள் இயக்கியபோது ஒரு கன்வெர்ட்டர் கருகி, அதில் இணைந்திருந்த டிஸ்க் உயிரிழந்தது. படங்களின் மற்றொரு நகல் வேறிடத்தில் இருந்ததால் அவை மட்டும் தப்பின.

கண்ணாடி முகப்பு கொண்ட கேபினட்டை நம் ஊருக்கு யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஹார்ட் டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர்கள் தரும் உச்ச வரம்பு பொதுவாக 60 டிகிரி செல்சியஸை ஒட்டியது. ஆனால் நெடுங்காலம் உழைக்க 45 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது. கத்திரி வெயிலில் அறையே 35 டிகிரியைத் தாண்டும் இங்கே, விசிறியின் காற்று டிஸ்க்குகளுக்கு இடையே நேராகப் பாயும் வலை முகப்பு இல்லாமல் அது நடக்காது. கடற்காற்றின் உப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள எஸ்ஜிசிசி தகடா, பூச்சற்ற எஸ்பிசிசி தகடா என்பதை விவரக்குறிப்பில் பாருங்கள்; பூச்சற்றது வெட்டு விளிம்புகளிலிருந்து துருவேறத் தொடங்கும்.

ஃப்ராக்டல் டிசைன் நோட் 304 என்ற கேபினட் உண்மையாகவே ஆறு 3.5 அங்குல டிஸ்க்குகளை ஏற்கும், ஆனால் மினி ஐடிஎக்ஸ் (170 மில்லிமீட்டர்) போன்ற சிறிய மதர்போர்டு மட்டுமே அதில் பொருந்தும். ஜோன்ஸ்போ என்3 எட்டு ஏற்கும். அதற்குச் சிறிய எஸ்எஃப்எக்ஸ் வகை எஸ்எம்பிஎஸ் வேண்டும். எதை வாங்கினாலும் கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, 3.5 அங்குல இடங்களை எண்ணி, "3.5 அங்குல டிஸ்க் ஆறு பொருந்தும்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் எந்த வகையில் கூறியிருந்தாலும் அந்தக் கூற்றுக்குப் பொருள் குறைவாக இருந்தால் அது குறைபாடே. குறைபாடுள்ள பொருளை, பில்லில் கெடு குறிக்காதபோது 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். கடை புதுச்சேரியில் இருந்தாலும், கடலூரில் வசிப்பவர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தர அச்சட்டம் இடமளிக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நாங்களும் அவ்வழியிலேயே செல்கிறோம்.

இதே போன்ற கன்வெர்ட்டர் போட்ட சர்வர் ஏற்கெனவே உங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால், இன்றே அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். சாட்டா முனையின் பின்புறம் கம்பிகள் பிளாஸ்டிக்கோடு ஒரே கட்டியாக உருகிச் சேர்ந்திருந்தால், அதை அகற்றும் வரை சர்வரை இயக்க வேண்டாம்.