நெஞ்சு வலிக்கு 108: பாபநாசம் பக்கம் நான் பார்த்தது

ஊரில் வயதான உறவினர் வீட்டில் தங்கப்போகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு முட்டல் என்று எது வந்தாலும் நேராக 108-ஐ அழையுங்கள். நடத்தியோ பைக்கில் வைத்தோ பக்கத்துத் தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆனது. விடியற்காலையில் தோள்பட்டை கனக்கிறது என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பெரிய வலி ஒன்றும் இல்லை. பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் மாரடைப்பு வரலாம் என்பது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. கிளினிக்கில் ஈசிஜி எடுக்காமலே வாய்வு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். வியர்வை நிற்காததால்தான் 108-ஐக் கூப்பிட்டோம்.

ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக வந்த தம்பி முதலில் கேட்டது, "ஐயா, இது எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" அடுத்து சர்க்கரை, பிரஷர், வயிற்றுப்புண், ஏதாவது மாத்திரை ஒத்துக்கொள்ளாதா என்பதெல்லாம். பெரியப்பா எழுந்து நடக்கப் பார்த்தார், விடவில்லை. "ஆக்சிஜன் வைங்க தம்பி" என்று பெரியம்மா அழுதார். விரலில் மாட்டியிருந்த கருவி 97 காட்டியது. "அம்மா, அளவு சரியா இருக்கு, இப்ப தேவையில்ல" என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு ஈசிஜிக்கு வந்தார்.

இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் பார்க்கும் 12 லீட் ஈசிஜி என்றாலும் உடம்பில் ஒட்டுவது பத்து இடத்தில்தான். வியர்வையில் ஸ்டிக்கர் ஒன்றுகூட நிற்கவில்லை. துணியால் துடைத்து, மார்பு முடியை ரேசரால் வழித்து, மறுபடி ஒட்டினார். வண்டி ஓடினால் கோடு ஆடும் என்பதால் கிளம்புமுன் ஒன்று, வழியில் ஓரமாக நிறுத்தி இன்னொன்று எடுத்தார். முதல் ஈசிஜி சாதாரணமாக இருந்தாலே மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது; அதனால்தான் திரும்ப எடுப்பது. இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறவே சில மணி நேரம் பிடிக்கும். ஆனால் ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருந்தால் பெரும்பாலும் ஈசிஜி அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

பெரியப்பாவுக்குக் காட்டியது. தம்பி 108 மைய மருத்துவரிடம் போனில் பேசி, அவர் சொன்னபடி ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னார். பக்கத்திலேயே ஒரு தனியார் மருத்துவமனை இருக்கிறதே, அங்கேயே நிறுத்துங்கள் என்று அண்ணன் சண்டைக்குப் போனார். அங்கே ஆஞ்சியோ செய்து அடைப்பைத் திறக்கும் கேத் லேப் கிடையாது. வண்டி தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது. தகவல் முன்கூட்டியே போயிருந்ததால் அங்கே காத்திருந்தார்கள்.

வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். அதை ஈசிஜிதான் முடிவு செய்ய வேண்டும். நான் இருக்கும் லண்டனில் ஆம்புலன்ஸ்காரர்களே வீட்டில் ஈசிஜி எடுத்து, மாரடைப்பு என்று தெரிந்தால் அவசரப் பிரிவுக்குப் போகாமல் நேராக இதய மையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மருத்துவ உதவி வந்த பத்து நிமிடத்துக்குள் முதல் ஈசிஜி, அதில் மாரடைப்பு தெரிந்த இரண்டு மணி நேரத்துக்குள் அடைப்பைத் திறப்பது என்பதுதான் கணக்கு. அதற்குள் கேத் லேப் போய்ச்சேர முடியாத தூரமென்றால் கிட்டத்து மருத்துவமனையிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் போட்டுவிட்டு, பிறகு மாற்ற வேண்டும்.

இது நம் ஊருக்குப் புதிது இல்லை. சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையோடு இணைத்து தமிழ்நாட்டில் 2420 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. இணைப்புக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். 2008-இல் தொடங்கிய 108-இன் ஒவ்வொரு வண்டியிலும் 12 லீட் ஈசிஜியும், அந்தத் தம்பியைப்போல் அதைப் பார்க்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

பெரியப்பாவுக்கு ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பட்டியலையும் பழைய ஈசிஜியையும் படமெடுத்து உங்கள் போனிலும் அங்கே இருப்பவர்கள் போனிலும் வையுங்கள். புது ஈசிஜியில் தெரியும் மாற்றம் இப்போது வந்ததா, முன்பே இருந்ததா என்று ஒப்பிட பழையது வேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்னார்.