வடபழனியில் தலைக்கும் முட்டிக்கும் சேர்த்துக் கரண்ட்

முட்டி வலிக்குக் கரண்ட் வைப்பது சென்னைக்குப் புதிதல்ல. வடபழனிப் பக்கம் ஒரு சென்டரில் முட்டிக்கு டென்ஸ் (TENS, தோல் வழியே நரம்புக்குத் தரும் கரண்ட்), தலைக்கு டிடிசிஎஸ் (tDCS, மண்டை வழியே மூளைக்குத் தரும் லேசான கரண்ட்) என்று இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். இங்கிலாந்தில் இடுப்பு வலிக்கு டென்ஸே தர வேண்டாம் என்று 2016-இல் நைஸ் (NICE) என்ற அந்நாட்டு மருத்துவ அமைப்பின் வழிகாட்டி சொல்லிவிட்டது. அங்கிருந்து வருபவர்களுக்கு இதைப் பார்த்ததும் சந்தோஷம்தான் வரும்.

அளவெல்லாம் சரி. இடது முட்டி என்றால் மூளையின் வலப்பக்க இயக்கப் பகுதிக்கு மேல் ஆனோடு, அதாவது பாசிட்டிவ் முனை. காதுக்குக் காது அளந்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு உச்சியிலிருந்து இறங்கினால் அந்த இடம். நெகட்டிவ் முனையான கேத்தோடு இடது புருவத்துக்கு மேலே. 5-க்கு 7 செ.மீ. ஸ்பாஞ்ச், 2 மில்லி ஆம்பியர், 20 நிமிடம். முட்டியில் 100 ஹெர்ட்ஸ். வலிச் செய்தியை டென்ஸ் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தும். ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் சொன்ன வாசல் கோட்பாடு இதுதான். வந்து சேர்ந்ததை மூளை எடைபோடும் விதத்தை டிடிசிஎஸ் மாற்றப் பார்க்கும். சேர்த்து வைத்தால் பலன் கூடுகிறது என்று சிறிய ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன.

கோளாறு தண்ணீரில். ஸ்பாஞ்சை நனைக்கக் கேன் வாட்டர்! ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் லேசில் ஓடாது. 2 மில்லி ஆம்பியரை விடாமல் தள்ள மிஷின் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகும், எல்லை தாண்டினால் நின்றுவிடும். நின்றதும் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது முடி வழியே வழிந்து, ஈரம் பரவிய இடமெல்லாம் கரண்டும் போகிறது. ஓரம் காய்ந்தாலோ ஒரே புள்ளியில் குவிந்து தோல் எரியும், புண்ணாகவும் ஆகலாம். போதாததற்குத் தலையில் தேங்காய் எண்ணெய்; அது கரண்டைக் கடத்தவே கடத்தாது. இத்தனை விலை கொடுத்து மிஷின் வாங்கியவர்களுக்கு ஒரு பாட்டில் சலைன் (உப்புநீர்) வாங்கத் தோன்றாதது ஆற்றாமையாக இருக்கிறது.

எந்த மெடிக்கல் ஷாப்பிலும் 0.9% நார்மல் சலைன் கிடைக்கும். சிரிஞ்சில் எடுத்து ஸ்பாஞ்சின் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 6 மி.லி. விட வேண்டும், வைத்துக் கட்டினால் சொட்டக் கூடாது. முந்தின நாளே எண்ணெய் போகத் தலைக்குக் குளித்துவிடுங்கள். விபூதியையும் ஸ்டிக்கர் பொட்டையும் எடுத்துவிட்டு நெற்றியைத் துடையுங்கள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும் அந்தப் பிசியோ பெண்ணின் பரிவு லண்டனில் அபூர்வம். ஆனால் அங்கே முதலில் நீட்டும் கேள்வித்தாள் இங்கே இல்லை. பேஸ்மேக்கர், வலிப்பு, தலைக்குள் உலோகம் இருந்தால் நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

டென்ஸ் நரம்புக்குப் பழகிவிடும். உணர்வு மங்கினால் அளவைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆய்வுகளில் தொடர்ந்து 5 நாளாவது வைத்திருக்கிறார்கள், ஆகவே ஞாயிறு விடுமுறை குறுக்கே வராமல் திங்களன்று தொடங்குங்கள்.