அம்பாசடரின் பின் ஹவுசிங்கை நேராக்கி மூன்று வருஷம்

அப்பா வாங்கிய 1984 மாடல் அம்பாசடர், மார்க் 4. பின்பக்கம் தொங்குகிறதே என்று நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் விட்டேன். அம்பாசடரின் பின் ஸ்பிரிங் என்பது இரும்புப் பட்டைகளின் அடுக்கு. வலது ஸ்பிரிங்குக்குப் புது மெயின் பட்டை, இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு பட்டை. வண்டி நிமிர்ந்தது, நானும் நிமிர்ந்து வீடு வந்தேன்.

மறுவாரமே ஆரம்பித்தது. 50-ஐத் தாண்டினால் சீட்டுக்கடியில் அதிர்வு, கிளட்சை விட்டதும் 'டங்'. கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்பக்கம் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டில் கிராஸ் (முன்னும் பின்னும் உள்ள மடங்கும் மூட்டு) இரண்டு தடவை மாற்றினேன், ஷாஃப்டைக் கழற்றி பேலன்சும் பார்த்தாயிற்று. எல்லாம் தண்டச்செலவு. ஒருநாள் பின்னால் பைக்கில் வந்த மச்சினன்தான் சொன்னான்: "அத்தான், வண்டி நண்டு மாதிரி சரிஞ்சில்லா ஓடுது."

தக்கலையில் வயசான மெக்கானிக் ஆசான் ஒருத்தர். அவர் வண்டிக்கடியில் குனியவே இல்லை. ஸ்டியரிங்கை நேராக வைத்து, கொத்தனாரின் தூக்குக்குண்டை நான்கு வீல் நடுவிலும் பிடித்து, தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்தார். முன் வீலுக்கும் பின் வீலுக்கும் அம்பாசடரில் 2464 மி.மீ. இருக்க வேண்டும். இடது பக்கம் சரியாக இருந்தது. வலதில் 2476.

"ஓட்டை மாறிக் கெடக்கு மக்கா. கிராஸ் பாவம் என்ன செய்யும்?"

பட்டைகளைக் கோர்க்கும் சென்டர் போல்ட்டின் தலை, பின் அச்சின் உறையான ஹவுசிங்கில் உள்ள குழியில் உட்கார வேண்டும். ஹவுசிங் எங்கே நிற்கும் என்பதை முடிவுசெய்வது அதுதான். ஸ்பிரிங்கையும் ஹவுசிங்கையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட் இறுக்கிப் பிடிப்பதோடு சரி. புதுப் பட்டையில் அந்த ஓட்டையைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். கூடுதல் பட்டை வேறு வண்டியைத் தூக்கி, ஷாஃப்டின் சாய்வைக் கூட்டிவிட்டது. முன்னும் பின்னும் கிராஸின் சாய்வு ஒத்துப்போகாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் இரண்டு தடவை உதறும்.

சரியான இடத்தில் ஓட்டையிட்ட பட்டை வந்தது, கூடுதல் பட்டைகள் போயின. ஷாஃப்டைக் கழற்றுமுன் அதைப் பூட்டும் வட்டத் தகடான ஃபிளாஞ்சில் உளியால் கோடு கிழித்து, அதே கோட்டில் திரும்பப் பூட்டினார். ஸ்பிரிங்கின் நுனியைத் தாங்கும் ஷேக்கிளின் நட்டை, வண்டி ஜாக்கியில் நிற்கும்போது இறுக்கவிடவில்லை. வண்டி தரையில் உட்கார்ந்த பிறகே இறுக்கினார், இல்லாவிட்டால் அதிலுள்ள ரப்பர் புஷ் முறுகிச் சீக்கிரம் போய்விடுமாம். 500 கி.மீ. கழித்து யு போல்ட்டுக்கு மறுபடி ஸ்பானர் போட்டபோது அரைச் சுற்று கிடைத்தது.

இப்போது 19,000 கி.மீ. ஓடிவிட்டது, அதே கிராஸ்தான். அவ்வப்போது கிரீஸ் அடிக்கிறேன். குடும்பத்தோடு திற்பரப்பு போனால் பின்பக்கம் இறங்கத்தான் செய்கிறது, இறங்கட்டும். ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று தள்ளும்போது தவிர, வண்டி நேராகவே ஓடுகிறது.