சென்னை – பிராங்பர்ட் நேரடி விமானம்: ராணிப்பேட்டையிலிருந்து போகிறவர்களுக்கு

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி வேலை எனக்கு. ஜெர்மனிக்கு சாம்பிள் எடுத்துக்கொண்டு போவது எங்கள் தொழிலில் சகஜம். யார் கேட்டாலும் லுஃப்தான்சாவின் சென்னை – பிராங்பர்ட் நேரடி விமானத்தைத்தான் சொல்வேன். டிக்கெட் பெரும்பாலும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். கொடுக்கலாம்.

தூரத்தை மட்டும் பார்த்தால் இது புரியாது. நேர்வழியில் சுமார் 7,600 கிலோமீட்டர். துபாயில் மாறிப் போனாலும் 7,800-க்குள் முடிந்துவிடும், ஏனென்றால் துபாய் கிட்டத்தட்டப் போகிற வழியிலேயே இருக்கிறது. சரி, 200 கிலோமீட்டர்கூட சுற்று இல்லையே என்று விலை குறைந்ததை எடுத்துவிடுகிறோம். ஆனால் நடுவில் இறங்கி, மறுபடி சோதனைக்கு வரிசையில் நின்று, அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதிலேயே மூன்று நான்கு மணி நேரம் போய்விடும்.

பெட்டியும் நம்மோடு மாற வேண்டும். ஒருமுறை அப்படிப் போனபோது நான் வந்துவிட்டேன், என் சாம்பிள் பெட்டி வரவில்லை. பையருக்கு, அதாவது அங்கே நம்மிடம் தோல் வாங்குகிறவருக்கு, போனில்தான் படம் காட்டினேன். தோலைப் படத்தில் என்ன காட்ட முடியும்? அவர் அதை மடித்துப் பார்ப்பார், நகத்தால் கீறிப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். அன்றைக்கு அவர் கையில் ஒன்றுமில்லை. அந்த ஆர்டரும் வரவில்லை.

நேரடி விமானம் நள்ளிரவுக்கு மேல் கிளம்பி, அவர்கள் ஊர்க் காலையில் இறக்கிவிடும். கோடையில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில். எஸ்8 அல்லது எஸ்9 பிடித்தால் பிராங்பர்ட் ஊரைத் தாண்டி நேராக ஆஃபன்பாக். தோல் பொருள் கண்காட்சி நடக்கும் ஊர் அதுதான், ஜெர்மன் தோல் அருங்காட்சியகமும் அங்கேதான். அன்றைக்கே முற்பகலில் பையரைப் பார்த்துவிடலாம்.

இணையத்தில் தூரத்தை வேகத்தால் வகுத்துக் காட்டும் பயண நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். போகும்போது எதிர்காற்று, பத்து மணி நேரத்தைத் தாண்டும். வரும்போது அதே காற்று பின்னால் தள்ளுவதால் ஒரு மணி நேரம் போலக் குறையும்.

அப்புறம் நம்ம ஊர் ரோடு. மீனம்பாக்கம் 100 கிலோமீட்டர் அளவுதான், ஆனால் வாலாஜாவைத் தாண்டினால் ஆறுவழிச் சாலை வேலை, ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு இரவு ஏழரைக்குள் காரில் ஏறிவிடுங்கள். கைப்பையில் 8 கிலோ வரை விடுகிறார்கள். முக்கியமான தோல்களை ஏ4 அளவில் வெட்டி, அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நேரடி விமானமே ஆனாலும் சாம்பிளைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.